ஆளில்லாத் தீவின் தர்மம்

இந்த வாரம் நேயர்களை ஓர் இடுகாட்டுக்கு அழைத்துச் செல்வதாக உத்தேசம். "எழுதுவதற்கு மங்களகரமான விஷயம் ஒன்றும் அகப்படவில்லையா?" என்று வீட்டிலேயே கேட்டாகிவிட்டது. அகப்படாமல் இல்லை. ஆனால் உயிரோடிருப்பவர்கள் ஒருவரோடொருவர் நடந்துகொள்ளும் அழகைப் பார்க்கும்போது, செத்தவர்களே எவ்வளவோ கண்ணியமானவர்கள் என்று சில சமயம் தோன்றிவிடுகிறது. அப்படிக் கண்ணியமாகப் படுத்துறங்கும் சிலர் ஸ்காட்லாந்து தேசத்தில் ஒரு சின்னஞ்சிறு தீவில் இருக்கிறார்கள். அந்தத் தீவில் உயிருள்ள மனிதர் ஒருவர்கூட வசிக்கவில்லை. ஒருவேளை அதனால்தான் அங்கே அவ்வளவு அமைதியோ என்னவோ!

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையைப் பூகோளப் படத்தில் பார்த்தால், எலி கடித்த அப்பளம்போல் தோன்றும். பனியுகத்தில் பனியாறுகள் மலைகளுக்கிடையே ஆழமான பள்ளத்தாக்குகளைக் குடைந்துவிட்டுப் போயின. பிறகு அந்தப் பள்ளங்களுக்குள் கடல் ஏறிக்கொண்டது. இவ்விதம் மலைக்குள் புகுந்து கிடக்கும் கடல்நீரை அந்த ஊர்க்காரர்கள் 'லாக்' என்று அழைக்கிறார்கள். நல்ல தண்ணீர் ஏரிக்கும் அவர்களுக்கு அதே பெயர்தான். நமக்கு அந்தக் குழப்பம் வேண்டாம். கடல் புகுந்திருப்பதைக் கழி என்றே சொல்லிக்கொள்வோம்.

அப்படிப்பட்ட கழிகளுள் ஒன்று லாக் லீவன். ஸர் வால்டர் ஸ்காட்டின் நாவல்களைப் படித்தவர்கள் உடனே, "தெரியுமே! மேரி ராணியைச் சிறை வைத்த இடந்தானே?" என்பார்கள். அது வேறு. 1567-ல் மேரி ராணி சிறைப்பட்ட கோட்டை, கிழக்கே இருக்கும் நன்னீர் ஏரி ஒன்றின் நடுவிலுள்ளது. அதற்கும் பெயர் லீவன். நாம் போகவேண்டியது மேற்கே, கடல் வற்றமும் பெருக்கமும் நாள்தோறும் வந்துபோகும் லீவன் கழிக்கு. அதன் தென்கரையில் பாலஹூலிஷ் என்ற கிராமமும், அதற்குச் சற்றுக் கிழக்கே கிளென்கோ என்ற புகழ்பெற்ற பள்ளத்தாக்கின் வாயிலும் இருக்கின்றன. கரையிலிருந்து எட்டிப் பார்த்தால் நீர்நடுவே மரமும் புல்லும் மூடிய ஒரு சிறு திட்டுத் தெரியும். அதுதான் ஏலன் முண்டே. அந்தப் பக்கத்துக் கேலிக் பாஷையில் 'ஏலன்' என்றால் தீவு. முண்டே என்பது ஒரு சாதுவின் பெயர்.

அந்தச் சாது அயர்லாந்துக்காரர். பின்டன் முன்னு என்று பெயர். அவர் இளைஞராயிருந்தபோது, ஐயோனா என்ற தீவில் மடம் அமைத்திருந்த மகான் கொலம்பாவிடம் சிஷ்யராகச் சேரவேண்டும் என்று ஆசைப்பட்டுப் புறப்பட்டார். அவர் போய்ச் சேர்வதற்குள் கொலம்பா காலமாகிவிட்டார். அது 597-ம் வருஷம். அடுத்த மடாதிபதியோ, "அப்பா! இப்படி ஒரு பிள்ளை வருவான், அவனை இங்கே சேர்த்துக்கொள்ளாதே, அவன் அயர்லாந்திலேயே ஒரு மடத்துக்குத் தலைவனாகவேண்டியவன் என்று குருநாதர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்" என்று கூறித் திருப்பியனுப்பிவிட்டாராம். அவ்வாறே அவர் மடாதிபதியாகி 635-ல் மறைந்தார். அவர் பெயரால் இந்தத் தீவில் ஒரு சிறு கோயில் எழுந்தது. அதில் கடைசியாக ஆராதனை நடந்தது 1653-ல். இப்போது நிற்பவை கூரையற்ற இடிந்த சுவர்கள்தாம்.

கோயில் இடிந்தாலும் தீவுக்கு வேலை ஓயவில்லை. கிளென்கோவின் மக்டொனால்டுகள், பாலஹூலிஷின் ஸ்டூவர்ட்டுகள், வடகரையில் காலர்ட்டைச் சேர்ந்த காமெரான்கள் என்று கழியைச் சுற்றி மூன்று குலத்தார் வாழ்ந்தார்கள். மூன்று குலத்தாருக்கும் இடுகாடு இந்த ஒரே தீவு. பிணத்தைப் படகிலேற்றிக்கொண்டு போய் அடக்கம் செய்வானேன் என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்து மலைகளில் ஓநாய்கள் இருந்தன. அவை புதைகுழியைத் தோண்டிவிடும் என்று பயந்தே தண்ணீருக்கு நடுவில் இடம் தேடினார்கள் என்பது பரம்பரையாகச் சொல்லப்படும் காரணம்.

தீவில் மூன்று குலத்துக்கும் தனித்தனித் துறை உண்டு. 'இறந்தோர் துறை' என்று பெயர். எந்தக் குலத்துப் படகு வந்தாலும் தன் துறையிலே இறங்கி, தன் முன்னோர் பக்கத்திலே தன் பிணத்தை அடக்கம் செய்துவிட்டுப் போகும். இந்தக் குலங்கள் ஓயாமல் சண்டையிட்டுக்கொண்டிருந்தன என்று சொல்ல முடியாது. பெரிய யுத்தங்களில் ஒரே பக்கம் நின்று போராடியதும் உண்டு. ஆனால் மலைநாட்டு வாழ்க்கையில் மாட்டுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் கத்தி உருவாமல் ஒரு தலைமுறை கழிவது அபூர்வம். கரையிலே சச்சரவு மூண்ட காலத்திலும், தீவுக்கு மட்டும் அதை எடுத்துச் செல்லாமல், இடுகாட்டைப் பராமரிக்கும் பொறுப்பை மூன்று குலத்தாரும் பகிர்ந்துகொண்டார்கள் என்பதே இத்தீவின் பெருமை.

உயிரோடிருப்பவர்களின் சண்டைக்கும் அந்தக் கழியிலே ஒரு தீவு இருந்தது. அதற்குப் பேச்சுத் தீவு என்று பொருள்படும் பெயர். இரண்டு பேருக்குள் வழக்கு முற்றிவிட்டால், கொஞ்சம் ஆகாரத்தையும் கொடுத்து இருவரையும் அங்கே இறக்கிவிட்டு வந்துவிடுவார்களாம். பேசித் தீர்த்துக்கொண்டால் திரும்பி வரலாம். தீர்ந்தபின், உடன்பாட்டை உறுதி செய்வதற்கென்றே இருந்த இன்னொரு தீவுக்குப் போவார்களாம். இது அந்தப் பக்கத்தார் வழிவழியாகச் சொல்லி வரும் செய்தி. வக்கீலும் இல்லை, வாய்தாவும் இல்லை. குளிரும் பசியுமே நீதிபதிகள்! எத்தனையோ பாகப்பிரிவினை வழக்குகளை நினைக்கும்போது, நம் பக்கத்திலும் இப்படி இரண்டொரு தீவு இருந்தால் தேவலை என்று யாருக்குத்தான் தோன்றாது?

* * *

இனி, இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்த பிணங்களுள் மிகத் துயரமானதன் கதையைச் சொல்ல வேண்டும்.

1688-ல் இங்கிலாந்தில் ஏற்பட்ட புரட்சியின் பலனாக ஜேம்ஸ் மன்னர் பிரான்ஸுக்கு ஓடினார். ஹாலந்திலிருந்து வந்த வில்லியம் சிம்மாசனம் ஏறினார். ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக் குலங்கள் பல, பழைய மன்னருக்குச் செய்துகொடுத்த சத்தியத்தை விடவில்லை. 1691-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் புதிய சர்க்கார் ஒரு பிரகடனம் வெளியிட்டது. 1692 ஜனவரி 1-ந் தேதிக்குள் எந்தக் குலத்தலைவன் விசுவாசப் பிரமாணம் செய்கிறானோ அவனுக்கு மன்னிப்பு. செய்யாதவனுக்குச் சட்டம் தரக்கூடிய அத்தனை தண்டனையும் என்பது அதன் சாரம்.

கிளென்கோ மக்டொனால்டுகளின் தலைவருக்கு மக்கீயன் என்று பெயர். வயது முதிர்ந்தவர், ஆஜானுபாகுவான மனிதர். அவரைப் பரம சாதுவென்று நான் சொல்லப்போவதில்லை. அவருடைய ஆட்கள் அண்டை அயலார் மாடுகளை ஓட்டிச் செல்வதில் பெயர் பெற்றவர்கள். 1689-ல் யுத்தத்திலிருந்து திரும்பும் வழியில் அவர்கள் கொள்ளையடித்த இடங்களுள் ஒன்று கிளென்லயன். அதன் அதிபதி ராபர்ட் காம்பெல், ஏற்கனவே கடனில் மூழ்கியிருந்தவர். அந்தக் கொள்ளை அவரை அடியோடு நொடிக்கச் செய்தது. பிழைப்புக்காக, கிட்டத்தட்ட அறுபது வயதில் பட்டாளத்தில் காப்டனாகச் சேர்ந்தார். இந்த மனிதரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மன்னரிடமிருந்து, "என் சத்தியத்திலிருந்து உங்களை விடுவித்தேன்" என்ற செய்தி மலைநாட்டுக்கு வந்துசேரும்போது டிசம்பர் மாதக் கடைசியாகிவிட்டது. மக்கீயன் பனியில் புறப்பட்டு டிசம்பர் 31-ந் தேதி வில்லியம் கோட்டைக்குப் போய், "பிரமாணம் செய்ய வந்திருக்கிறேன்" என்றார். கோட்டைத் தலைவர் கர்னல் ஹில், "ஐயா! பிரமாணம் வாங்கிக்கொள்ள எனக்கு அதிகாரமில்லை. இன்வரேரிக்குப் போக வேண்டும்" என்று சொல்லி, ஒரு சிபாரிசுக் கடிதமும் கொடுத்தனுப்பினார். வழியிலே சிப்பாய்கள் கிழவரை ஒரு நாள் நிறுத்திவைத்துவிட்டார்கள். இன்வரேரியை அடைந்தபோது, பிரமாணம் வாங்கவேண்டிய ஷெரீப் புது வருஷக் கொண்டாட்டத்துக்காக வெளியூர் போயிருந்தார். கடைசியில் ஜனவரி 6-ந் தேதி பிரமாணம் நடந்தது. ஐந்து நாள் தாமதம். அந்தக் காகிதம் எடின்பரோவுக்குப் போயிற்று. அங்கே, காலங் கடந்தது என்று அதை அடித்துவிட்டார்கள்.

சர்க்கார் ஆபீஸுக்கு ஒரு மனுவை எடுத்துக்கொண்டு அலைந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இராது. "இந்த ஜன்னல் அல்ல, அந்த ஜன்னல்" என்றதும், "அவர் லீவு, நாளை வா" என்றதும் நாம் கேட்டறியாத வார்த்தைகளா? நமக்கு நேருவது ஒரு பிரயாணம் வீணாவதுதான். கிளென்கோவுக்கு நேர்ந்தது வேறு.

ஸ்காட்லாந்தின் மந்திரியாயிருந்த ஜான் டால்ரிம்பிளுக்கு அந்தத் தாமதம் வேண்டியிருந்தது. மலைநாட்டாருக்கு ஒரு பாடம் கற்பிக்க வேண்டும் என்று அவர் காத்திருந்தார். ஜனவரி மாதத்தில், கிளென்கோ குலத்தை வேரோடு களைந்துவிடலாம் என்ற உத்தரவில் வில்லியம் மன்னர் கையெழுத்திட்டார்.

* * *

பிப்ரவரி முதல் வாரத்தில், சுமார் 120 சிப்பாய்களுடன் கிளென்லயன் காப்டன் கிளென்கோவுக்கு வந்தார். "கோட்டையில் இடமில்லை, இங்கே சில நாள் தங்கிப் போகிறோம்" என்றார். அவருடைய மருமகள் முறைப் பெண் மக்கீயனின் இளைய மகனுக்கே வாழ்க்கைப்பட்டிருந்தாள். சம்பந்தி வீட்டார் வந்ததாகவே பாவித்து, பள்ளத்தாக்கின் ஜனங்கள் வீட்டுக்கு மூன்று பேரும் ஐந்து பேருமாகச் சிப்பாய்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள். வெளியே கடும் பனிக்காலம். உள்ளே அடுப்பங்கரையில் இருந்ததைப் பகிர்ந்து உண்டார்கள். காப்டன் தலைவர் மக்களோடு உட்கார்ந்து சீட்டாடினார். இவ்விதம் ஏறக்குறைய பன்னிரண்டு நாள் கழிந்தது.

பிப்ரவரி 12-ந் தேதி, மேஜர் டங்கன்ஸன் என்பவரிடமிருந்து காப்டனுக்கு ஒரு கடிதம் வந்தது. மறுநாள் காலை சரியாக ஐந்து மணிக்கு, எழுபது வயதுக்கு உட்பட்ட அனைவரையும் வாளுக்கு இரையாக்க வேண்டும். கிழட்டு நரியும் அதன் குட்டிகளும் எவ்விதத்திலும் தப்பக் கூடாது. தவறினால் காப்டன் ராஜ விசுவாசமற்றவராகக் கருதப்படுவார் என்பது அதன் கருத்து. அன்றிரவும் காப்டன் சீட்டாடினார்.

சிப்பாய்களுள் மனம் பொறாத ஒருவன் இருந்தான் என்று அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு கதை வழங்குகிறது. உத்தரவை வெளியிட்டால் அவன் தலை போய்விடும். ஆகையால் தன்னை உபசரித்த குடும்பத்தார் காதில் விழும்படி, வயலில் நின்ற பெரும் பாறை ஒன்றைப் பார்த்து, "ஏ கல்லே! இன்றிரவு இங்கே நடக்கப்போவது உனக்குத் தெரிந்தால் நீகூட இங்கே நிற்கமாட்டாய்" என்ற பொருளில் பேசினானாம். அந்தக் குடும்பம் ஓடிப் பிழைத்ததாம். கதையோ, நிஜமோ, அந்தப் பாறையை இன்றும் காட்டுகிறார்கள்.

13-ந் தேதி விடியுமுன் வேலை ஆரம்பமாயிற்று. கதவைத் தட்டியவர்களுக்குக் குடிக்க ஏதாவது கொடுக்கும்படி சொல்லிக்கொண்டே படுக்கையிலிருந்து எழுந்த கிழவர் மக்கீயனை முதுகில் சுட்டார்கள். அவர் மனைவியின் விரலிலிருந்த மோதிரங்களைப் பறித்தார்கள். அந்த அம்மாள் மறுநாள் இறந்தாள். கொல்லப்பட்டவர்கள் 38 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. வீடுகளுக்கு நெருப்பு வைத்தபின், பனியில் ஓடிய பெண்களும் குழந்தைகளும் பலர் வழியிலேயே விறைத்து மாண்டார்கள். வெளியிலிருந்து வழிகளை அடைக்க வரவேண்டிய பட்டாளங்கள் பனிப்புயலால் தாமதப்பட்டதனால் ஜனங்களிற் பெரும்பாலோர் தப்பினார்கள். மக்கீயனின் மகன்கள் இருவரும் தப்பினார்கள். அப்படி வந்த ஒரு பட்டாளத்தில் இரண்டு லெப்டினெண்டுகள், "இந்த வேலைக்கு எங்கள் வாள் உதவாது" என்று மறுத்துக் கைதானார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்னால் அவர்கள் விடுதலை பெற்றார்கள்.

மக்கீயனின் உடலைப் படகிலேற்றி, மக்டொனால்டுகளின் துறையில் இறக்கி, ஏலன் முண்டேயில் அடக்கம் செய்தார்கள்.

* * *

கொலைகள் எத்தனையோ கண்டது அந்த மலைநாடு. இந்த ஒன்று மட்டும் மூன்று நூற்றாண்டுக்கு மேலாகியும் ஆறாத புண்ணாக இருப்பானேன்? எண்ணிக்கையினால் அல்ல. உண்ட வீட்டில் செய்த கொலை என்பதனால்தான். ஸ்காட்லாந்தின் சட்டத்திலேயே, நம்பியவனைக் கொல்வது சாதாரணக் கொலையைவிடக் கொடிய குற்றமென்று 1587-ல் வகுத்து, அதை ராஜத்துரோகத்துக்குச் சமமாக்கியிருந்தார்கள். மலைநாட்டானுக்கு எழுத்து வாசனை குறைவாயிருக்கலாம். தன் கூரையின் கீழ் வந்தவன் பகைவனானாலும் அவன் உயிர் தன் பொறுப்பு என்பது அவன் அறிந்த வேதம்.

1695-ல் ஒரு விசாரணை நடந்தது. நடந்தது கொலையே என்று ஸ்காட்லாந்துப் பார்லிமெண்டு தீர்மானித்தது. மன்னர் மேல் குற்றமில்லை என்றது. மந்திரி டால்ரிம்பிள் உத்தியோகத்தை விட்டு விலகினார். ஒருவரும் தூக்கு மேடை ஏறவில்லை. 1703-ல் அதே டால்ரிம்பிளுக்கு ஸ்டேர் பிரபு என்ற பட்டம் வந்து சேர்ந்தது! காப்டனோ 1696-ல் அயல் நாட்டில், புரூஜ் நகரத்தில், வறுமையில் இறந்தார்.

இதன் பிறகு நேர்ந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. மந்திரியின் பெயர் ஜனங்களுக்கு மறந்துபோயிற்று. மன்னர் பெயரும் மங்கிப்போயிற்று. கடைசியில் நின்றது 'காம்பெல்' என்ற ஒரு குலப்பெயர் மட்டுமே. வந்த சிப்பாய்களிற் பெரும்பாலோர் காம்பெல்களே அல்லர். ஆயினும் கிளென்கோவில் ஒரு பழைய விடுதியின் வாசலில், கூவி விற்பவர்களுக்கும் காம்பெல்களுக்கும் இங்கே இடமில்லை என்று ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். வேடிக்கைக்குத்தான், காம்பெல் குடும்பத்தார் அதன் அருகிலே நின்று படம் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ச் சாப்பிடுகிறார்கள். ஆனால் அந்த வேடிக்கைக்குள்ளே ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. மேலே உட்கார்ந்து உத்தரவு எழுதியவன் தப்பித்துக்கொள்கிறான். அண்டை வீட்டான் மேல் அண்டை வீட்டானுக்குப் பகை மிஞ்சுகிறது. ஆளுகிறவர்களுக்கு இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு வேறென்ன இருக்கமுடியும்? அந்தப் பாடத்தைப் படிக்க நாம் ஸ்காட்லாந்து வரையில் போக வேண்டியதுமில்லை.

டங்கன்ஸன் எழுதிய அந்த உத்தரவுக் கடிதம் அழியவில்லை. எடின்பரோவில் தேசியப் புஸ்தகசாலையில் பத்திரமாயிருக்கிறது. இந்தக் கதை முழுவதுமே காகிதங்களின் கதையாயிருப்பதைப் பாருங்கள். பிரகடனம் ஒரு காகிதம். சிபாரிசு ஒரு காகிதம். அடிக்கப்பட்ட பிரமாணம் ஒரு காகிதம். கொலை உத்தரவு ஒரு காகிதம். இவ்வளவு காகிதங்களும் சேர்ந்து ஒரு கிழவனின் உயிரைக் காப்பாற்ற முடியவில்லை. ஏலன் முண்டே விஷயத்திலோ மூன்று குலத்தாரை நடத்தியது எந்தச் சர்க்கார் உத்தரவும் அல்ல, பரம்பரை வழக்கமேதான். தலைமுறை தலைமுறையாகப் படகுகள் தத்தம் துறையில் வந்து இறங்கின.

* * *

1692-க்கு மறு வருஷமே பாலஹூலிஷில் பலகைக்கல் வெட்டும் சுரங்கம் தொடங்கியது; 1955 வரையில் நடந்தது. அந்த ஊர் வீடுகளுக்குக் கூரையாகிய கல்லே தீவில் கல்லறைக் கல்லாகவும் நிற்கிறது. அவற்றுள் ஒன்றில், 1745-ல் பிரெஸ்டன்பான்ஸ் யுத்தத்தில் போரிட்ட ஒரு வீரன், குதிரைப்படைச் சிப்பாயை வாளால் வீழ்த்தும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. மனிதன் செத்த பிறகும் தன் பராக்கிரமத்தைச் சொல்லிக்கொள்ளாமல் இருப்பதில்லை. நல்ல வேளையாக, பக்கத்துக் கல்லறைக்காரர்கள் அதை மறுத்துப் பேசுவதில்லை.

கிளென்கோ கிராமத்தில் 1883-ல் எழுப்பிய நினைவுச் சிலுவை ஒன்று இருக்கிறது. வருஷந்தோறும் பிப்ரவரி 13-ந் தேதி அங்கே கூடி மலர்வளையம் வைக்கிறார்கள். 1975-ல் கழியின் வாயிலில் பாலம் திறந்தபின், பழைய ஓடத்துறைக்கு வேலை இல்லாமற்போயிற்று. மோட்டார் வண்டிகள் விரைந்து போகின்றன. தீவுக்கு மட்டும் இன்றும் படகில்தான் போக வேண்டும். அங்கே கடைசி அடக்கம் நடந்தது 1972-ல்.

மலைநாட்டாரிடையே ஒரு பழைய நம்பிக்கை உண்டு. இடுகாட்டில் கடைசியாக அடக்கமானவரின் ஆவி, அடுத்த பிணம் வரும் வரையில் அந்த இடத்துக்குக் காவல் இருக்க வேண்டுமாம். ஒரே நாளில் இரண்டு பிணம் வந்தால், யார் முந்துவது என்று உறவினர்கள் ஓட்டப்பந்தயம் ஓடியதாகக்கூடச் சொல்வார்கள். பிந்தியவர்தானே காவல் நிற்க வேண்டும்! அந்தக் கணக்குப்படி பார்த்தால், 1972-ல் வந்தவரை ஏலன் முண்டேயில் விடுவிப்பதற்கு இன்னும் ஒருவரும் வரவில்லை. மக்டொனால்டுகளுக்கும் ஸ்டூவர்ட்டுகளுக்கும் காமெரான்களுக்கும் சேர்த்து ஒரே ஆவி அங்கே காவல் இருக்கிறது.

நாமும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கிறோம். ஒரு முழ மதில் சுவருக்காகப் பத்து வருஷம் பேசாமல் இருக்கிறோம். கடைசியில் போய்ச் சேரும் இடத்தில் அந்த மதில் இராது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். லீவன் கழியின் ஜனங்கள் அதை உயிரோடிருக்கும்போதே நினைத்துக்கொள்ள ஒரு தீவு வைத்திருந்தார்கள். பேசித் தீர்க்க இன்னொரு தீவும் வைத்திருந்தார்கள். நமக்குத் தீவு இல்லாவிட்டால் பாதகமில்லை. திண்ணை இருந்தால் போதும்.

அடுத்த வாரம், வீட்டாரின் உத்தரவுப்படி, மங்களகரமான விஷயந்தான்.